டால்பி விஷனில் மட்டும் படம் இருட்டாகத் தெரிவது

சாதாரணப் படங்கள் நன்றாகத் தெரிந்து, டால்பி விஷனில் (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூடுதலாகக் காட்டும் ‘எச்டிஆர்’ பட முறையின் ஒரு வகை) மட்டும் இருட்டாக இருந்தால், பெரும்பாலும் டிவி பழுதாகியிருக்காது, சர்வீசுக்கு எடுத்துச் செல்ல வேண்டாம். டால்பி விஷன் தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே படத்துக்கான அமைப்பைத் திறந்து, ‘டார்க்’ என்றிருப்பதை ‘பிரைட்’ ஆக்குங்கள். சாதாரணப் படம் ஓடும்போது மாற்றினால் பயனில்லை. பெரும்பாலான டிவிகள் இரண்டுக்கும் அமைப்பைத் தனித்தனியாகவே வைத்திருக்கின்றன.

குறைந்த விலையில் வரும் 43 அங்குல டிவி 300 நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) எட்டினாலே அதிகம். எச்டிஆர் படங்களோ பெரும்பாலும் 1000 நிட்ஸ் அல்லது அதற்கும் மேலான திரையில் பார்த்து வண்ணம் சீர்செய்யப்பட்டவை. விளக்கு, வானம் போன்ற பளிச்சிடும் பகுதிகள் வெளுத்துப்போகாமல் காக்க, டிவி மற்ற எல்லாவற்றையும் தாழ்த்திவிடுகிறது. அட்டைப்பெட்டியில் ‘எச்டிஆர்’ என்று அச்சிட்டிருந்தால், அந்த சிக்னலை டிவி புரிந்துகொள்ளும் என்று மட்டுமே பொருள். விற்பவர்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள்.

1. மின்சேமிப்பையும், அறை வெளிச்சத்துக்கு ஏற்ப மாறும் வசதியையும் அணையுங்கள். பல புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும்.
2. அதே காட்சியை இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். தெளிவாக இருந்தால் சிக்கல் பகல் வெளிச்சத்தில்தான், திரைச்சீலை போதும்.

இவை எதுவும் உதவாவிட்டால் எச்டிஆரையே நிறுத்தலாம். ஆனால் டிவியில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் மூலம் பார்த்தால்தான் அது எளிது. டிவிக்குள்ளேயே இருக்கும் செயலியில் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது.