வரலாற்றுப் பேராசிரியர் வேலை: சம்பளத்தோடு காத்திருப்பையும் கணக்கிடுங்கள்

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூ முடித்த உங்கள் மகள் பி.ஏ. வரலாறு படித்துப் பேராசிரியராக வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பதாகவும், அந்தப் படிப்பு சோறு போடுமா என்றும் கேட்டு எழுதியிருந்தீர்கள். நிரந்தரப் பணியில் அமர்ந்துவிட்டால் நன்றாகவே போடும். அதுவரை எத்தனை ஆண்டுகள் ஆகும், அந்த ஆண்டுகளை உங்கள் குடும்பம் தாங்குமா என்பதையே முதலில் கணக்கிட வேண்டும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் ஏழாவது ஊதிய விகிதப்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். 2025 ஜூலை நிலவரப்படி 58 விழுக்காடு அகவிலைப்படி 33,466 ரூபாயைச் சேர்த்தால் 91,166 ரூபாய் ஆகிறது. வீட்டு வாடகைப்படி தனி, ஓய்வூதியப் பங்களிப்பு முதலான பிடித்தங்களும் தனி. முனைவர் பட்டத்தோடு பணியில் சேர்பவர் ஏறத்தாழ 12 ஆண்டுகளில் 1,31,400 ரூபாய் அடிப்படை ஊதியத்தில் தொடங்கும் இணைப் பேராசிரியர் நிலையையும், அதற்கு 3 ஆண்டுகளுக்குப் பின் 1,44,200 ரூபாயில் தொடங்கும் பேராசிரியர் நிலையையும் எட்டலாம். வரலாறு, இயற்பியல் என்ற பாகுபாடு இதில் இல்லை. ஆனால் இது அரசுக் கல்லூரி, அரசு உதவிபெறும் கல்லூரி, பல்கலைக்கழகம் ஆகியவற்றின் நிரந்தரப் பணியிடங்களுக்கு உரிய கணக்கு; சுயநிதிக் கல்லூரிகள் பலவற்றில் இதை எதிர்பார்க்க வேண்டாம்.

சிக்கல் நடுவில் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளுக்கு 4,000 உதவிப் பேராசிரியர்களைத் தேர்ந்தெடுக்க ஆசிரியர் தேர்வு வாரியம் 2024 மார்ச்சில் அறிவிக்கை வெளியிட்டது. ஆகஸ்டு 4 அன்று நடக்கவிருந்த எழுத்துத் தேர்வு தள்ளிப்போனது. இப்படித் தள்ளிப்போகும் காலத்தையெல்லாம் பெரும்பாலோர் கௌரவ விரிவுரையாளராகவே கழிக்கிறார்கள். அவர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று மானியக் குழு 2019-இல் வழிகாட்டியது. இங்கே அதில் பாதியை எட்டவே பல ஆண்டுகள் ஆயின. முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் சென்ற ஆண்டு என்னைப் பார்க்க வந்தார். பகலில் கல்லூரி வகுப்பு, மாலையில் குரூப் தேர்வுப் பயிற்சி மையத்தில் இந்திய வரலாறு. கல்லூரியைவிட மையத்தில்தான் கூடுதலாகக் கிடைக்கிறது என்றார்; விடுமுறை மாதத்தில் கல்லூரி ஊதியமும் நின்றுவிடும் என்பதால் மே மாதம் வந்தாலே அவருக்குக் கலக்கம்.

ஆகவே ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகையைத்தான் இந்தப் பாதையின் வாசலாகக் கருதுகிறேன். அதற்கு எழுத வேண்டிய நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. இரண்டு தாள்கள், 150 வினாக்கள், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் தேவை. சில பிரிவினருக்கு 50 போதும். வெறும் நெட் தேர்ச்சி உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கவும் முனைவர் பட்டப் படிப்பில் சேரவும் தகுதி தரும், பணம் தராது; ஜே.ஆர்.எஃப். பெற்றாலோ ஆய்வுக் காலத்தின் முதல் 2 ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும் பின்னர் 42,000 ரூபாயும் உதவித்தொகையாக வரும், வீட்டில் கைநீட்ட வேண்டியதில்லை. அதற்கான வயது வரம்பு 30, பெண்களுக்கு 5 ஆண்டுத் தளர்வு உண்டு. இருந்தாலும் எம்.ஏ. முடித்த மூன்றே ஆண்டுகளுக்குள் பெற்றுவிட வேண்டும் என்று வீட்டிலேயே ஒரு கெடு வைத்துக்கொள்வது நல்லது. உதவித்தொகை இல்லாமல், வேறு வருமானமும் இல்லாமல் முனைவர் பட்டத்தில் இறங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை.

கெடு தவறினால் என்ன செய்வது என்பதற்கும் இப்போதே வழி பார்க்கலாம். பி.எட். முடித்தால் மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர் பணி இருக்கிறது. தொல்லியல் துறை, அருங்காட்சியகம், எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகம் போன்ற இடங்களும் இருக்கின்றன, ஆனால் காலியிடங்கள் குறைவு. இளங்கலையிலேயே கல்வெட்டு வாசிக்கப் பழகுவது எல்லாவற்றுக்கும் உதவும். பழைய வட்டெழுத்துக் கல்வெட்டின் மைப்படி (மை ஒற்றி எடுத்த தாள் நகல்) ஒன்றைத் தானே எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த மாணவி, பாடநூலை மனப்பாடம் செய்தவரைவிட நேர்முகத் தேர்வில் தனித்துத் தெரிவார்.

அடுத்த முறை வரும்போது மகளையும் அழைத்து வாருங்கள். வரலாற்றுப் பாடத்துக்கான நெட் பழைய வினாத்தாள் ஒன்றை அவளிடம் கொடுத்து, எந்த வினாவில் அவள் நின்று யோசிக்கிறாள் என்று பார்த்துவிட்டுப் பேசுவோம்.