ஆறு மணிக் காட்சியும் முகூர்த்த நேரமும்

கேள்வி: லண்டனில் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். சினிமாவுக்கு அழைத்துப் போனான். டிக்கெட்டில் 6 மணி என்று இருந்தது. படம் தொடங்கியது 6.25க்கு. அதுவரை வெறும் விளம்பரம்தான். "இங்கே விவரம் தெரிந்தவர்கள் இருபது நிமிடம் கழித்துத்தான் வருவார்கள் அம்மா" என்கிறான் மகன். காசு கொடுத்தவர்களை இப்படி உட்கார வைப்பது நியாயமா? அதைப் பார்த்து யாராவது எதையாவது வாங்கப்போகிறார்களா? (வாசகி ஒருவர், தென்காசி)

பதில்: "வெறும் விளம்பரம்" என்று எழுதியிருக்கிறீர்கள். வெறும் வயிறு, வெறுங்கை, வெறும் பேச்சு. உள்ளே ஒன்றும் இல்லாததைச் சொல்லத்தான் இந்தச் சொல். அந்த 25 நிமிடத்துக்கு அது பொருந்தாது அம்மா. அந்தக் கட்டடத்தில் அன்று ஓடிய எல்லாவற்றையும்விடக் கணக்காக அடுக்கப்பட்டது அதுதான்.

முதலில் விளக்கு பாதி எரியும்போது வருகிற விளம்பரங்கள். பிறகு வரப்போகும் படங்களின் முன்னோட்டம். கடைசியாக, எல்லோரும் வந்து உட்கார்ந்து, இருட்டும் முழுதாகக் கவிந்த பிறகு, படத்துக்கு நேர் முன்னால் ஒரே ஒரு விளம்பரம். அந்த இடத்துக்கு "கோல்ட் ஸ்பாட்" என்று பெயர். நம் வயதுக்காரர்களுக்கு கோல்ட் ஸ்பாட் என்றால் பாட்டிலில் வந்த ஆரஞ்சு நிறக் குளிர்பானம். பிரிட்டனில் அந்த இடத்தைப் பல ஆண்டுகள் கையில் வைத்திருந்த தொலைபேசி நிறுவனத்தின் பெயரும் ஆரஞ்ச்தான். அது கோல்ட் ஸ்பாட்டில் என்ன சொன்னது தெரியுமா? "கைப்பேசியை அணைத்து வையுங்கள், படத்தைக் கெடுக்காதீர்கள்" என்று சொன்னது. கைப்பேசி இணைப்பு விற்கிறவன், தன் காசைக் கொட்டி, கைப்பேசியை அணைக்கச் சொன்னான். விளம்பரத் தொழிலில் நான் மனதாரக் கும்பிடுகிற காரியங்களில் அது ஒன்று. அதே நிறுவனம் 2004 முதல் 2015 வரை தன் வாடிக்கையாளர்களுக்குப் புதன்கிழமைதோறும் ஒரு டிக்கெட் விலையில் இரண்டு டிக்கெட் கொடுத்தது. ஆளில்லாமல் கிடந்த புதன்கிழமைக்கு ஆள் வந்தது. இதற்கும் "வெறும்" போடுவீர்களா?

இந்த இடத்தில் என் பழைய வழக்கு ஒன்று ஞாபகத்துக்கு வருகிறது. விளம்பரமே இல்லாமல் ஒரு பத்திரிகையை நடத்த உங்களுக்குத் துணிவு உண்டா என்று பேராசிரியர் ஒருவர் இதே பக்கத்தில் கேட்டார். அன்று சொன்னதையே இன்றும் சொல்கிறேன். நீங்கள் கொடுக்கும் விலை காகிதத்துக்கும் அச்சுக் கூலிக்குமே போதாது. மிச்சத்தைக் கொடுப்பவர் பின்னட்டையில் இருக்கிற ஜவுளிக்கடைக்காரர். தியேட்டர் கணக்கும் இதே கணக்குதான். டிக்கெட் பணத்தில் கணிசமான பங்கு படத்தின் விநியோகஸ்தருக்குப் போய்விடும். பாப்கார்ன் காசும் விளம்பரக் காசும்தான் தியேட்டர்காரர் பங்கு வைக்க வேண்டாத காசு. பிரிட்டனில் 1946இல் 163 கோடிக்கும் மேல் டிக்கெட் விற்றது. தொலைக்காட்சி வந்து, வீடியோவும் வந்து, 1984இல் அது வெறும் 5.4 கோடி ஆயிற்று. (இந்த "வெறும்" சரியான இடத்தில் இருக்கிறது.) அரண்மனை போலக் கட்டிய தியேட்டர்கள் பிங்கோ சூதாட்டக் கூடங்களாயின. அந்த வறட்சியிலும் கதவைத் திறந்து வைத்திருந்தவருக்கு விளம்பரக் காசு ஆகாது என்று சொல்ல எனக்கு நா எழாது.

ஆனால் உங்கள் கோபத்தில் பாதி நியாயம், அந்தப் பாதியில் நான் உங்களோடு நிற்கிறேன். தவறு விளம்பரத்தில் இல்லை, டிக்கெட்டில் அச்சிட்ட நேரத்தில் இருக்கிறது. நம் கல்யாணப் பத்திரிகையைப் பாருங்கள். வரவேற்பு மாலை 6 மணி, முகூர்த்தம் மறுநாள் காலை 7.30 முதல் 9 வரை என்று தனித்தனியாகப் போடுகிறோம். சாப்பாட்டுக்கு மட்டும் வருகிறவர் அதற்கேற்ற நேரத்தில் வருவார், தாலி கட்டுவதைப் பார்க்க வேண்டியவர் ஏழு மணிக்கே வந்துவிடுவார். யாரையும் யாரும் ஏமாற்றவில்லை. அதேபோல டிக்கெட்டில் "விளம்பரம் 6.00, படம் 6.25" என்று இரண்டு வரி அச்சிட என்ன செலவாகிவிடும்? அச்சிடாததால் என்ன ஆகிறது? விவரம் தெரிந்தவர்கள் தாமதமாக வருகிறார்கள், விவரம் தெரியாத நீங்கள் நேரத்துக்கு வந்து தண்டனை அனுபவிக்கிறீர்கள். சொன்ன நேரத்தை நம்பியவருக்குத் தண்டனை தருகிற ஏற்பாட்டை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. மேடையேற ஒரு மணி நேரம் தாமதிக்கும் பேச்சாளர்களோடு நான் முப்பது ஆண்டுகளாகப் போடும் சண்டையும் இதுதான்.

இன்னொரு சங்கதி. 2015 டிசம்பரில் வந்த ஸ்டார் வார்ஸ் படத்துக்கு முன்னால் போட, இங்கிலாந்துத் திருச்சபை ஒரு நிமிட விளம்பரம் எடுத்தது. "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்ற ஜெபத்தைப் பேராயர் ஒரு வரி, எடை தூக்குபவர் ஒரு வரி என்று பலரும் சொல்வார்கள். தணிக்கை வாரியம் குழந்தைகளும் பார்க்கலாம் என்று "யு" கொடுத்தது. ஆனால் ஓடியன், சினிவேர்ல்ட் என்ற இரண்டு தியேட்டர் நிறுவனங்களும் சேர்ந்து 2008இல் உருவாக்கிய டிஜிட்டல் சினிமா மீடியா என்ற நிறுவனம்தான் பெரும்பாலான திரைகளின் விளம்பர நேரத்தை விற்கிறது. அது முடியாது என்றது. சமயம், அரசியல் இரண்டும் எங்கள் திரையில் வேண்டாம், யார் மனமாவது புண்படும் என்றது. கடவுளே இல்லை என்று வாழ்நாளெல்லாம் வாதாடும் ரிச்சர்ட் டாக்கின்ஸே, புண்படும் என்று சொல்லித் தடுப்பது தவறு என்று திருச்சபைக்காகப் பேசினார். நானும் அவர் பக்கம். மதுவை விற்கலாம், பார்ப்பவர்களில் கால்வாசிக்கு மேல் பதினெட்டு வயதுக்குக் கீழே இருக்கக் கூடாது, அவ்வளவுதான் விதி. அதே திரையில் ஒரு நிமிட ஜெபத்துக்கு இடமில்லை என்றால் அந்தத் தராசு எனக்குப் புரியவில்லை.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். பார்த்து யாராவது வாங்குவார்களா? நான் வாங்கினேன்.

1980களின் தொடக்கத்தில் இரண்டு ஆண்டுகள் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் இருந்தேன். தியேட்டர்களுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுக்கும் பேர்ல் அண்ட் டீன் நிறுவனத்தின் விளம்பரங்கள் வரும். பேர்ல் என்றால் இங்கே முத்து அல்ல, ஆள் பெயர். எர்னி பேர்ல், சார்லஸ் பேர்ல் என்ற சகோதரர்களும் பாப் டீனும் 1953இல் தொடங்கியது அது. பீட் மூர் 1968இல் போட்டுக்கொடுத்த அதன் இசையில் சொல்லே கிடையாது, "பப்பா பப்பா" மட்டும்தான். அதற்குத் தியேட்டரே கூடச் சேர்ந்து பாடும். கழுத்தில் தட்டு மாட்டிய பெண் ஐஸ்கிரீமோடு முன்வரிசையில் வந்து நிற்பாள்.

அப்போது உள்ளூர் இந்திய உணவகத்தின் விளம்பரம் வரும். சிவப்புச் சுவர், மெழுகுவத்தி, சோற்றின் மேல் குழம்பு ஊற்றும் கை, சிரிக்கும் வெள்ளைக்கார ஜோடி. எந்த ஊருக்குப் போனாலும் அதே கை, அதே குழம்பு, அதே சிரிப்பு. கடைசி ஐந்து நொடியில் படம் ஒரு குதி குதித்து, கடைப் பெயர் எழுதிய அட்டை நிற்கும். குரலும் வேறாகிவிடும்: "இந்தத் தியேட்டரிலிருந்து இரண்டே நிமிட நடை." ஒரே படத்தைப் பல கடைகள் பங்கு போட்டுக்கொண்டதால்தான் ஒரு சின்னக் கடைக்காரரால் அவ்வளவு பெரிய திரையில் தன் பெயரைப் பார்க்க முடிந்தது. சென்ற முறை போனபோது காரும் வங்கியும் வாசனைத் தைலமும்தான் வந்தன, ஒரு தெருக்கடை பெயர்கூட இல்லை. அதுதான் எனக்கு வலித்தது.

அன்று படம் முடிந்து அந்தக் கடையைத் தேடி நானும் அறை நண்பனும் ஆலங்கட்டி மழையில் நடந்தோம். பதினொரு நிமிடம் ஆயிற்று. சுவர் சிவப்பு இல்லை, பச்சை. வங்கதேசத்தின் சில்ஹெட்டிலிருந்து வந்த முதலாளி வாசலிலேயே கேட்டார்: "தியேட்டரில் பார்த்துவிட்டா வருகிறீர்கள்?" ஆமாம் என்றோம். சமையலறைப் பக்கம் திரும்பி உரக்க ஏதோ சொன்னார். உள்ளிருந்து இரண்டு பேர் வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அன்று அப்பளத்துக்கு அவர் காசு வாங்கவில்லை.