நாலு ஜாய்ஸ்டிக், ஒரு ஏலம்: நான் இன்றும் ஏங்கும் மியூல்

கேள்வி: ஒரே கம்ப்யூட்டர் முன்னால் நண்பர்கள் சேர்ந்து உட்கார்ந்து ஆடிய பழைய வியூக கேம்களில் உங்களால் மறக்கவே முடியாதது எது? ஏன்?

யோசிக்கவே வேண்டாம், எனக்கு அது மியூல்தான். 1983இல் அடாரி 800 என்ற வீட்டுக் கம்ப்யூட்டருக்காக வந்த கேம். அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் ஊரில் ஓசார்க் சாஃப்ட்ஸ்கேப் என்று ஒரு சின்னக் குழு இருந்தது. அவர்கள் எழுதியதை, முந்தைய ஆண்டுதான் தொடங்கியிருந்த எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்டது.

எண்பதுகளின் நடுவில் மேற்படிப்புக்காக நான் அமெரிக்கா போனபோது, நாலு பேர் வாடகையைப் பங்கிட்டுக்கொண்ட வீட்டில் தங்கியிருந்தேன். நான், மதுரைக்காரன் ஒருவன், ஹைதராபாத்திலிருந்து வந்த சீனியர் ஒருவர், ஒரு அமெரிக்கன். அந்த அமெரிக்கனுடையதுதான் கூடத்து டிவியோடு இணைத்திருந்த அடாரி 800. அதன் முன்பக்கத்தில் வரிசையாக நாலு ஜாய்ஸ்டிக் போர்ட், அதாவது ஜாய்ஸ்டிக் செருகும் துளை, உண்டு. மியூலின் உயிரே அந்த நாலு போர்ட்டில் இருக்கிறது.

கதை எளிது. இராட்டா என்ற வேற்றுக்கிரகத்தில் நாலு பேர் குடியேறுகிறார்கள். நடுவில் ஆறு, ஆங்காங்கே மலை, மையத்தில் கடைகள் உள்ள ஊர். ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கு ஒரு துண்டு நிலம் கிடைக்கும். கடையில் மியூல் என்ற நாலுகால் இயந்திரத்தை வாங்கி, நிலத்துக்கு ஓட்டிப்போய் நிறுத்தி, உணவோ மின்சக்தியோ ஸ்மித்தோர் என்ற தாதுவோ எடுக்க வைக்கலாம். ஆற்றங்கரையில் உணவு நன்றாக விளையும், சமவெளியில் மின்சக்தி, மலையில் தாது. உணவு போதவில்லை என்றால் அடுத்த முறை உங்கள் ஆட்டத்துக்கான நேரம் சுருங்கிவிடும். மின்சக்தி போதவில்லை என்றால் இயந்திரங்கள் சும்மா நிற்கும். தாது இல்லாமல் கடைக்காரரால் புது மியூல் செய்ய முடியாது. ஆக, எல்லாவற்றையும் ஒருவரே விளைவிக்கவும் முடியாது, மற்றவரை நம்பாமல் இருக்கவும் முடியாது.

இதெல்லாம் ஏலத்துக்கான முன்னேற்பாடுதான். திரையின் மேல்வரிசையில் விற்பவர்கள், கீழ்வரிசையில் வாங்குபவர்கள். ஜாய்ஸ்டிக்கை மேலே தள்ளினால் உங்கள் ஆள் மேலே நடப்பான், நீங்கள் கேட்கும் விலை ஏறும். விற்பவன் கீழே இறங்கினால் அவன் சொல்லும் விலை குறையும். இருவரும் சந்திக்கும் இடத்தில் சரக்கு ஒவ்வொன்றாகக் கைமாறும். பேச்சில்லை, எண் தட்டச்சு இல்லை, நடைதான் பேரம். கடையில் இருப்பு தீர்ந்துபோய், ஒருவனிடம் மட்டும் உணவு மிச்சம் இருந்தால், அவன் மேலேயே அசையாமல் நிற்பான். மற்ற மூன்று பேரும் கீழிருந்து ஏறி ஏறி வருவோம். நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். அவன் ஒரு அடி இறங்குவான், நாங்கள் பாய்வோம், அவன் திரும்ப மேலே ஓடிவிடுவான். அந்தச் சில நொடிகளில் கூடத்தில் எழுந்த சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டியிருக்கிறார்.

திரையில் பேச்சில்லை என்றேனே, சோபாவில் நிறைய இருந்தது. நானும் மதுரைக்காரனும் தமிழில் பேசிவைத்துக்கொள்வோம். "மச்சான், கரண்டை அவனுக்குக் கொடுத்துடாதே, நான் அடுத்த ஏலத்துல உனக்குச் சோறு தரேன்." இது கொஞ்ச நாளில் பிடிபட்டு, ஏலம் நடக்கும்போது ஆங்கிலம் மட்டும்தான் என்று வீட்டில் சட்டமே போட்டார்கள். அப்புறம் கண் ஜாடையில் பேசப் பழகிக்கொண்டோம். இரண்டு பேர் மட்டும் தனியாக விற்று வாங்கிக்கொள்ள கேமுக்குள்ளேயே வசதி உண்டு. கூட்டு சேர்வதையும் ஆட்டத்தின் பகுதியாகவே யோசித்து வைத்திருந்தார்கள்.

நான் இன்றும் வியப்பது வேறொன்றை. பின்தங்கியவனை இந்த கேம் கைவிடுவதே இல்லை. நிலம் பிடிக்கும்போது இருவர் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தினால், பின்னால் இருப்பவனுக்குத்தான் நிலம். தற்செயலாக வரும் நல்ல அதிர்ஷ்டம் முதலிடத்தில் இருப்பவனுக்கு வராது, கெட்டது கடைசியில் இருப்பவனைத் தொடாது. அதனால் கடைசிச் சுற்று வரை யாரும் சலித்து எழுந்து போகமாட்டார்கள். முடிவில் ஆளுக்கொரு மதிப்பெண்ணோடு, குடியேற்றம் முழுவதும் எப்படி வாழ்ந்தது என்றும் ஒரு மதிப்பீடு வரும். எல்லாரையும் கசக்கிப் பிழிந்து ஒருவன் முதலில் வந்தால், ஊர் வறுமையில் இருப்பதும் திரையில் தெரிந்துவிடும். பொருளாதார வகுப்பில் நான் படித்த பற்றாக்குறையும் ஏகபோகமும் அந்தக் கூடத்தில்தான் உறைத்தன.

இதை வடிவமைத்தவர் அப்போது டேன் பன்டன், பின்னாளில் டேனி பன்டன் பெர்ரி. பலர் கூடி ஆடுவதுதான் கம்ப்யூட்டர் கேம் என்று கடைசிவரை நம்பியவர். அவருடைய முதல் வணிக வெளியீடு 1978இல் ஆப்பிள் 2க்கு வந்த ஏல கேம். நாலு பேருக்கு அந்த மெஷினில் வசதி இல்லை என்று, தனியாகச் செய்த பட்டன் கருவியையே பெட்டியில் வைத்து விற்றார்கள். விலை 35 டாலர், விற்றது சுமார் 50 பிரதிகள். மியூலும் பெரிதாக விற்கவில்லை, முப்பதாயிரம் பிரதிகள் அளவுதான். 1988இல் தொலைபேசி வழியாக இருவர் மோதும் மோடம் வார்ஸ் செய்தார், அன்று மோடம் வைத்திருந்தவர்களோ சொற்பம். தொண்ணூறுகளில் சேகா ஜெனசிஸ் என்ற டிவி கேம் கருவிக்கு மியூலைக் கொண்டுவரும் பேச்சு வந்தபோது, துப்பாக்கியும் குண்டும் சேர்க்கச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார், திட்டம் நின்றுபோனது. அந்த மறுப்புக்காகவே அவர்மேல் எனக்குத் தனி மரியாதை. 1998இல், 49 வயதில், புற்றுநோயால் இறந்துபோனார். 2000இல் வந்த தி சிம்ஸ் கேமை அதை வடிவமைத்த வில் ரைட் அவருடைய நினைவுக்குத்தான் சமர்ப்பித்தார்.

இந்த வகை கேம் ஏன் பெருகவில்லை என்றால், மெஷின்களே மாறிவிட்டன என்பேன். 1983இல் வந்த அடாரி எக்ஸ்எல் வரிசையில் போர்ட்டை இரண்டாகக் குறைத்தார்கள். எங்கும் விற்ற காமடோர் 64 கம்ப்யூட்டரிலும் இரண்டுதான். மியூல் அதற்கும் வந்தது, நாலு பேர் ஆடவும் முடியும், ஆனால் நாலு கையில் நாலு ஜாய்ஸ்டிக் என்ற சமத்துவம் அதில் இல்லை. 2009இல் இணையத்தில் ஆடும் புதுப்பதிப்பு ஒன்றும் வந்தது. அக்கறையோடு செய்திருந்தார்கள். ஆனால் விற்பவன் அசையாமல் நிற்கும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லையே!

நீங்கள் ஆடிப் பார்க்க ஆசைப்பட்டால், பழைய அடாரியைப் போலவே இயங்கும் மென்பொருளான அடாரி எமுலேட்டர் ஒன்றை லேப்டாப்பில் போட்டு, டிவியோடு இணைத்து, நாலு கன்ட்ரோலர் செருகுங்கள். இடம் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்துகொள்ளும், அதற்கு விடாமல் நாலு மனிதர்களைப் பிடித்துவிடுங்கள். முதல் முறை தொடக்கநிலை ஆட்டம் போதும், 6 சுற்றில் முடிந்துவிடும். பழகிய பிறகு 12 சுற்று ஆட்டத்துக்குப் போகலாம். விதிகளை முன்கூட்டியே விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம், முதல் உணவுப் பற்றாக்குறை வந்ததும் எல்லாருக்கும் தானாகவே புரிந்துவிடும்.