டிபன் பாக்ஸ் நேரம் வேண்டும்!

கேள்வி: எனக்கு 38 வயது. பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறோம். எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தேன். மாமியாருக்குப் பக்கவாதம் வந்த பிறகு வேலையை விட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. அவருக்குப் பேச்சு நன்றாக இருக்கிறது, வலது கையும் காலும்தான் சரியில்லை. வீட்டுக்காரர் ஹார்பரில் வேலை, பையன் ஒன்பதாவது படிக்கிறான். காலை வேலை பத்தரைக்கு முடிந்தால் நாலு மணி வரை டிவிதான். சீரியல் அலுத்துவிட்டது. போனை எடுத்தால் ரீல்ஸில் ஒரு மணி நேரம் போவதே தெரியவில்லை, தலைவலிதான் மிச்சம். கம்பெனியில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு ஊர் உலகம் எல்லாம் பேசுவோம். இப்போது பெண்களுக்கு என்ன சட்டம் வந்தது, என்ன திட்டம் வந்தது என்று வாட்ஸப்பில் வருவதுதான் எனக்குத் தெரியும். அதில் பாதி பொய் என்கிறான் பையன். வீட்டைவிட்டு நகராமல் பொழுதும் போகணும், நாலு விஷயமும் தெரியணும். வழி இருக்கிறதா?

பதில்: அந்த டிபன் பாக்ஸ் வரியை நான் இரண்டு தடவை படித்தேன். உங்களுக்குப் பொழுது போகாமல் இல்லை; ரீல்ஸில் நன்றாகவே போகிறது. பேசத்தான் ஆள் இல்லை. ஆனால் பேச்சு நன்றாக இருக்கிற ஒருவர் பத்தடி தூரத்தில் கட்டிலில் இருக்கிறார். அவருக்கும் அதே சீரியல்தான் அலுத்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

முதலில் ஒரு கேரம் போர்டு வாங்குங்கள். சிரிக்காதீர்கள். நான் ராயபுரத்தில் வளர்ந்தவள். சாயங்காலம் ஆனால் தெருமுனையில் டியூப்லைட்டுக்குக் கீழே போர்டைப் போட்டு, ஆட்டோ ஓட்டுகிறவரும் மூட்டை தூக்குகிறவரும் டக் டக்கென்று ஆடுவார்கள். எங்களுக்கு வேடிக்கை பார்க்க மட்டும்தான் அனுமதி. அதே வடசென்னையிலிருந்துதான் வியாசர்பாடி இளவழகி 2008-ல் உலக சாம்பியன் ஆனார். 2024 நவம்பரில் புது வண்ணாரப்பேட்டை காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் தனிநபர், இரட்டையர், அணி என மூன்று தங்கம் வாங்கிவந்தார். அப்போது அவருக்கு 17 வயது. உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்!

என் அம்மா இடுப்பெலும்பு முறிந்து ஏழு மாதம் படுக்கையில் இருந்தபோது எங்களைக் காப்பாற்றியது இந்தப் போர்டுதான். கட்டிலை ஒட்டி ஒரு ஸ்டூல், அதன்மேல் போர்டு. பவுடரை நான் தூவினால் அம்மாவுக்குப் பிடிக்காது, மாவு சலிக்கிற மாதிரி அவரே விரல் நுனியில் எடுத்துத் தட்டுவார். அப்புறம் ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்து, ஒரு கண்ணை மூடி, கழுத்தைச் சாய்த்து ஒரு நிமிஷம் பார்ப்பார். அந்த ஒரு நிமிஷம் அவருக்கு இடுப்பு வலி ஞாபகமே இருக்காது. உங்கள் மாமியார் இடது கையால் சுண்டலாம். பிசியோதெரபிக்கு வருகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வாரம் ஸ்ட்ரைக்கர் போர்டைவிட்டு ஓடும். ஓடட்டும்.

சரி, செய்திக்கு வருவோம். உங்கள் பையன் சொல்வது சரி. என் சித்திக்கு 'மகளிருக்கு இலவச தையல் மெஷின், கீழே உள்ள லிங்க்கை அழுத்தவும்' என்று ஒரு செய்தி வந்தது. அழுத்தினார், பதிவுக் கட்டணம் என்று 850 ரூபாய் அனுப்பினார், அதோடு சரி. வேடிக்கை என்னவென்றால் திட்டம் நிஜமாகவே இருக்கிறது. பெரம்பூரில் ஜெயித்து 1967-ல் அண்ணா அமைச்சரவையில் இருந்தாரே சத்தியவாணி முத்து, அவர் பெயரில் சமூக நலத்துறை தையல் இயந்திரம் தருகிறது. அதற்கு சமூக நல அலுவலகத்திலோ இ-சேவை மையத்திலோதான் விசாரிக்க வேண்டும். லிங்க் வந்தால் தொடாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு போன் பண்ணுங்கள்.

அப்படியானால் எங்கே படிப்பது? ஒரு நாளிதழ் போதும். பெண்களுக்கென்று வாரம் ஒருநாள் இணைப்பு வருகிற பேப்பராகப் பார்த்து வாங்குங்கள். எங்கள் பத்திரிகை மட்டுமல்ல, எங்களோடு போட்டி போடுகிற பத்திரிகைகளும் நல்லவைதான். இதை ஆசிரியர் வெட்டாமல் விட்டால் அவருக்கு நன்றி. காசு கணக்குப் பார்த்தால், பையனைக் கிளை நூலகத்தில் உறுப்பினராக்கிவிடுங்கள். போகிற வருகிற வழியில் புத்தகம் எடுத்துவருவான்.

படிக்கும்போது சத்தமாகப் படியுங்கள், மாமியாருக்குக் கேட்கிற மாதிரி. செயின் பறிப்பும் கொலையும்தான் முதல் பக்கத்தில் கண்ணில் படும், அதைத் தள்ளிவிட்டு உள்ளே போங்கள். நம் கைக்குக் காசோ உரிமையோ வருகிற செய்தி பெரும்பாலும் ஐந்தாம் பக்கத்து மூலையில் நாலு வரியாகக் கிடக்கும். 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரல் முதல் இருக்கிறது. உங்கள் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்துக் குடும்பங்களில் பூர்விகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தது. அந்த வருஷம் மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணமானவர்களுக்குக் கிடையாது என்றார்கள். 2005-ல் மத்தியச் சட்டம் வந்து அந்தத் தடை போனது. உங்கள் மாமியார் எந்த வருஷம் கல்யாணமாகி வந்தார், அவர் பிறந்த வீட்டில் என்ன கொடுத்தார்கள், என்ன கையெழுத்து வாங்கினார்கள் என்று கேளுங்கள். ஒரு மத்தியானம் முழுக்கப் பேச்சு ஓடும். நீங்கள் இதுவரை கேட்காத கதை ஒன்றாவது வரும்.

சமையல் நேரத்துக்கு போனில் எஃப்.எம். இருக்கிறது, ரெயின்போ 101.4 வையுங்கள். கண்ணுக்கு வேலை இல்லை, கைக்கும் இடைஞ்சல் இல்லை. மேட்ச் நாள் என்றால் டிவியையே போடுங்கள். 2025 நவம்பர் 2-ம் தேதி நம் பெண்கள் தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் ஜெயித்து உலகக் கோப்பையைத் தூக்கினார்களே, அன்று எங்கள் தெருவில் நள்ளிரவுக்கு மேல் வெடி வெடித்தது. முன்பெல்லாம் ஆண்கள் மேட்சுக்குத்தான் வெடிப்பார்கள்.

'வீட்டைவிட்டு நகராமல்' என்று எழுதியிருக்கிறீர்கள், அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ளட்டும். அவருடைய அம்மாதானே! பஸ் டிக்கெட்டுக்குக் காசு கேட்கப்போவதில்லை, மெட்ரோவும் பக்கத்திலேயே நிற்கிறது. பழைய கம்பெனித் தோழி ஒருத்தியைத் திருவொற்றியூர் கோயிலுக்கோ ராபின்சன் பூங்காவுக்கோ வரச் சொல்லுங்கள். டிபன் பாக்ஸோடு.

கேரம் ஆட்டத்துக்கு ஒரு விஷயம் விட்டுப்போனது. சிவப்புக் காயை (ரெட்) போட்டுவிட்டு, அடுத்து ஃபாலோவாகத் தன் காய் ஒன்றைப் போடாவிட்டால் ரெட் மறுபடி நடுவுக்கு வரவேண்டும். 'உடம்பு சரியில்லாதவ, விட்டுடேன்' என்று மாமியார் கேட்பார், என் அம்மா தினமும் கேட்டார். விட்டுக்கொடுக்காதீர்கள்.