படகுக்குப் பணம் என்னுடையது, பதிவு நண்பர் பெயரில்

கேள்வி (சுருக்கப்பட்டது): வக்கீல் ஐயா, எனக்குத் தூண்டில் போடுவதென்றால் உயிர். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கடற்கரை ஊரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். மீனவக் குடும்பம் இல்லை. பதினைந்து வருடம் கூடப்பிறந்தவர் மாதிரி பழகிய மீனவ நண்பர் ஒருவரோடு ஞாயிறுதோறும் கடலுக்குப் போவேன். 2023-இல் 28 அடி ஃபைபர் படகு ஒன்றுக்கு யார்டில் 2,80,000 ரூபாய் என் வங்கிக் கணக்கிலிருந்து கட்டினேன். மானிய எண்ணெய், மற்ற சலுகைகள் எல்லாம் கிடைக்கும் என்று பதிவை அவர் பெயரில் போட்டோம். அவுட்போர்டு இன்ஜின் அவர் மானியத்தில் வாங்கியது, வலையும் அவருடையது. வார நாட்களில் அவர் தொழிலுக்குப் போவார்; செலவு போக ஒரு பங்கை எனக்கு அனுப்புவார். ஞாயிறு படகு எனக்கு. பதினான்கு மாதம் நன்றாகப் போனது. பிறகு பங்கு நின்றது, ஞாயிறும் நின்றது. படகுக்கு என் மகள் பெயரை வைத்திருந்தேன். அதன்மேல் பெயின்ட் அடித்துவிட்டார். அவர் மகள் கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறியவன் நான். என் மனைவியை எடுத்தெறிந்து பேசினார். காவல் நிலையத்தில் மோசடி என்று புகார் கொடுத்தேன். சிவில் தகராறு என்று சொல்லி, வழக்குப் பதியாமல், சிஎஸ்ஆர் (புகார் வாங்கியதற்கான ரசீது) மட்டும் போட்டு அனுப்பிவிட்டார்கள். 'படகு என்னுடையது, பினாமியாகத்தான் அவர் பெயரில் இருக்கிறது' என்று நோட்டீஸ் விடலாமா? அவர் தீவுப் பக்கம் போய் வலை விடுகிறார், அதை வனத்துறைக்குச் சொல்லலாமா? நான்கு பேரோடு போய்ப் படகை எடுத்து வந்தால்தான் என்ன?

பதில்: கல்யாணப் பந்தி, மனைவியிடம் பேசிய பேச்சு, மகள் பெயரின்மேல் அடித்த பெயின்ட், மூன்றும் உங்களுக்கு வலிக்கும். வழக்கில் மூன்றுக்கும் சேர்த்து ஒரு பத்தி கிடைக்காது. அவற்றை ஓரமாக வையுங்கள்.

உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "செலவு போக ஒரு பங்கு". அதற்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன்னால், நோட்டீஸில் போடலாமா என்று நீங்கள் கேட்ட அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள். என் மேஜைக்கு வரும் படகுத் தகராறுகளில் பாதியை மூழ்கடித்தது அந்த வாக்கியம்தான்.

பினாமி என்றால் நிலம், வீடு, அரசியல்வாதி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். 1988 பினாமித் தடைச் சட்டத்தில் சொத்து என்றால் அசையும் சொத்தும் சேர்த்தி. ஃபைபர் படகும் சொத்துதான். பணம் ஒருவர் கொடுத்து, இன்னொருவர் பெயரில் வாங்கி, பயன் பணம் கொடுத்தவருக்கு என்றால் அது பினாமிப் பரிவர்த்தனை. 4-ஆம் பிரிவு சொல்வது: உண்மையான உரிமையாளர் நான்தான் என்று சொல்லிக்கொண்டு, பெயர் வைத்திருப்பவர்மேல் வழக்கே போட முடியாது. கவனியுங்கள், போட்டால் தோற்பீர்கள் என்று சொல்லவில்லை, போடவே முடியாது. எதிர்த்தரப்பு வக்கீல் உங்கள் வழக்குரையின் மூன்றாவது பத்தியை நீதிபதிக்கு வாசித்துக் காட்டி, வழக்குரையை ஆரம்பத்திலேயே நிராகரிக்கச் சொல்லி, சிவில் நடைமுறைச் சட்டம் உத்தரவு 7 விதி 11-இல் ஒரு மனுப் போட்டால் போதும். உங்கள் ரசீது, உங்கள் சாட்சி, உங்கள் பதினைந்து வருட நட்பு எதையும் யாரும் தொட்டுக்கூடப் பார்க்க வேண்டியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒருவர் வந்தார். வேறு வக்கீல் போட்டுக் கொடுத்த வழக்குரையோடு வந்தார். அழகான தமிழ். "மேற்படி எதிர்வாதி பெயரில் படகு பெயரளவில் மட்டுமே உள்ளது" என்று நான்கு இடத்தில் இருந்தது. நீதிமன்றக் கட்டணம் கட்டி, எண் வாங்கி, ஒன்றரை வருடம் வாய்தா நடந்து, கடைசியில் வழக்குரை நிராகரிக்கப்பட்டது. அவர் உண்மையைத்தான் எழுதியிருந்தார். பாதி உண்மையை. மீதிப் பாதியைத்தான் அவரும் மறந்திருந்தார்.

இதோடு நின்றால் பணம் போச்சு என்று துடைத்துக்கொள்ளலாம். ஆனால் அதே சட்டத்தில் 53-ஆம் பிரிவு இருக்கிறது. ஒரு சட்டத்தை ஏய்ப்பதற்காகவோ, அரசுக்குக் கட்ட வேண்டியதைத் தவிர்ப்பதற்காகவோ பினாமிப் பரிவர்த்தனை செய்தால் ஓராண்டிலிருந்து ஏழாண்டு வரை கடுங்காவல், சொத்து மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம். நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: மானிய எண்ணெய்க்காக அவர் பெயரில் போட்டோம் என்று. இதை யாரும் உங்களிடமிருந்து பிடுங்கவில்லை. மூன்று லட்ச ரூபாய்ப் படகுக்கு வருமான வரித்துறை வந்து நிற்குமா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் நிற்காது. ஆனால் 2024 அக்டோபரிலிருந்து இன்னொன்று வந்திருக்கிறது: உள்ளதை முழுமையாகச் சொல்லிவிடுகிற பினாமிதாரருக்குத் (சொத்தைத் தன் பெயரில் வைத்திருப்பவருக்கு) தண்டனையிலிருந்து விலக்குத் தரலாம். பினாமிதாரருக்கு மட்டுமல்ல, மற்றவர்களுக்கும் தரலாம். பணம் கொடுத்த உண்மை உரிமையாளருக்கு மட்டும் கிடையாது. அதாவது இந்தச் சண்டையில் முதலில் வாயைத் திறக்க லாபம் உள்ளவர் உங்கள் நண்பர், நீங்கள் இல்லை.

சரி, "செலவு போக ஒரு பங்கு".

படகு முழுக்க உங்களுடையது என்பது சட்டப்படி இருக்கட்டும், நடப்பிலேயே சரியில்லை. ஓடு, அதாவது இன்ஜின், வலை இல்லாத வெறும் படகு, உங்கள் பணம். இன்ஜின் அவருடையது, வலை அவருடையது, கடலுக்குப் போகிற உழைப்பு அவருடையது. எண்ணெய், ஐஸ், சாப்பாடு கழித்து, மிச்சத்தைப் பங்கு வைத்து, படகுப் பங்கு என்று ஒன்று உங்களுக்கு வந்திருக்கிறது. கடற்கரையில் இது தாத்தா காலத்துக் கணக்கு. 1932 கூட்டாண்மைச் சட்டத்தின் மொழியில் இதற்குக் கூட்டுத் தொழில் என்று பெயர் சொல்ல இடமிருக்கிறது. பத்திரம் எழுதவில்லை என்பதால் அது இல்லாமல் போகாது. கூட்டாளி ஒருவர் பெயரில் இருக்கும் கூட்டுச் சொத்து பினாமி வரையறைக்குள் வராது என்று பினாமிச் சட்டமே விலக்கு வைத்திருக்கிறது.

நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டுகளில் பதினேழாவதாக ஒன்று இருக்கிறது. நீங்கள் அதை ஏன் அனுப்பினீர்கள் என்று உங்களுக்கே தெரிந்திருக்காது. ஒரு வியாழக்கிழமை இரவு அவர் எழுதியது: "எண்ணெய் 1900 ஐஸ் 300 சாப்பாடு 250 போக 3200, அஞ்சு பங்கு, உங்களுக்கு 640 போட்டுட்டேன்ணே". அந்த ஒரு வரிக்கு முன்னால் உங்கள் யார்டு ரசீது சின்னது. வெறும் வரவில் பங்கு வாங்கினால் அது கூட்டாண்மை ஆகாது, சேர்ந்து வைத்திருக்கும் பொருளுக்கு வாடகை மாதிரிதான் என்று எதிர்த்தரப்பில் வாதிடுவார்கள். ஆனால் நீங்கள் இருவரும் செலவு கழித்து லாபத்தைப் பிரித்திருக்கிறீர்கள் என்பதற்கு அவர் கையாலேயே கணக்கு இருக்கிறது. பதினான்கு மாதத்து கூகுள் பே வரவை அதோடு பொருத்திக் காட்ட முடிகிறதா என்று உட்கார்ந்து பாருங்கள்.

ஆனால் இதே உரையாடலில் நீங்கள் எழுதியதும் இருக்கிறது: "படகு என்னோடது, உன் பேர்ல சும்மாதான் இருக்கு." கோபத்தில் எழுதியது. அவர் வக்கீல் அதை ஃப்ரேம் போட்டு மாட்டுவார். காவல் நிலையத்தில் கொடுத்த புகாரில் என்ன எழுதினீர்கள் என்று நகலை எனக்கு அனுப்பவில்லை. அதிலும் இதே வாக்கியம் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். முதலில் அந்த நகலை வாங்குங்கள். அதைப் பார்க்காமல் எந்த வக்கீலும் உங்களுக்கு நோட்டீஸ் எழுதக் கூடாது.

'அப்படியென்றால் கடனாகக் கொடுத்தேன் என்று மாற்றிச் சொல்லிவிடலாமே' என்று யாராவது உங்களுக்கு யோசனை சொல்வார்கள். சொல்லியிருப்பார்கள். அந்தப் பக்கம் போகாதீர்கள். கடன் என்றால் வட்டி எங்கே, புரோநோட்டு எங்கே, கடன் கொடுத்தவர் ஏன் யார்டில் நேராகக் கட்டினார், ஏன் படகுக்குத் தன் மகள் பெயர் வைத்தார்? குறுக்கு விசாரணையில் பத்து நிமிடம் தாங்காது. பிறகு பொய்ச் சாட்சியம் என்று தனிக் கதை. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். நடந்தது இருவர் சேர்ந்து செய்த தொழில்.

அந்தக் கூட்டாண்மை பதிவாகவில்லை. பதிவாகாத கூட்டாண்மையில் ஒரு கூட்டாளி இன்னொருவர்மேல் பங்குப் பாக்கிக்கு வழக்குப் போடக் கூட்டாண்மைச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு தடை. கலைக்கவும், கலைத்த தொழிலின் கணக்குக் கேட்கவும் தடையில்லை. ஆகவே உங்கள் நோட்டீஸ் 'என் படகைத் தா' என்று இருக்கக் கூடாது. 'நம் தொழிலை இத்தோடு முடிக்கிறேன், கணக்குக் காட்டு' என்று இருக்க வேண்டும். நோட்டீஸ் அவருக்குச் சேர்ந்த நாளிலிருந்தோ, அதில் குறிப்பிட்ட நாளிலிருந்தோ தொழில் கலைந்ததாகும். அங்கிருந்து மூன்று வருடம் காலவரம்பு ஓடத் தொடங்கும். விட்டுவிட்டு 'அவரே மனம் மாறுவார்' என்று உட்காராதீர்கள்.

மற்ற இரண்டு கேள்விகள். நான்கு பேரோடு போய் எடுக்கக் கூடாது. படகு அவர் கைவசம், அவர் பெயரில் பதிவு. அவர் சம்மதமில்லாமல் நகர்த்தினால் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 303-இல் திருட்டு என்று புகார் வரும். என் பொருளைத்தானே எடுத்தேன் என்று வாதிடலாம், ஜாமீனில் வந்த பிறகு. நால்வரோடு நீங்களும் சேர்ந்தால் ஐந்து பேர். ஐந்து என்ற எண்ணுக்குக் குற்றவியல் சட்டத்தில் தனி மரியாதை உண்டு. சட்டவிரோதக் கூட்டம் அங்கேதான் தொடங்குகிறது.

வனத்துறைக்குச் சொல்வது பற்றி. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே வலை விட்டுப் பிடிபட்டாலோ, படகில் கடல் அட்டை இருந்தாலோ (2001 முதல் அதைத் தொடவே கூடாது) 1972 வன உயிரினச் சட்டத்தில் படகைப் பறிமுதல் செய்வார்கள்; குற்றத்துக்குப் பயன்பட்டுப் பறிமுதலான படகு அரசுடைமை என்று 39-ஆம் பிரிவு சொல்கிறது. குற்றம் நடப்பது உண்மையென்றால் சொல்வது உங்கள் கடமை, தடுக்க மாட்டேன். பழிவாங்கத்தான் என்றால், போவது உங்கள் ஓடும்தான் என்பதை நினைவில் வையுங்கள். அதோடு, 'உண்மை உரிமையாளர் நானே' என்று ஊரெல்லாம் எழுதிக் கொடுத்திருப்பவரைத்தான் அடுத்து விசாரிப்பார்கள்.

இப்போது நீங்கள் விரும்பாத பகுதி. சமாதானமாகப் போங்கள்.

வழக்கில் ஜெயித்தால் என்ன கிடைக்கும் என்று பாருங்கள். இன்ஜின் இல்லாத ஓடு. நீதிமன்ற உத்தரவில் கரையேற்றி வைத்த ஒரு படகை ஒரு முறை, நேரில் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் நியமித்த கமிஷனரோடு போய்ப் பார்த்தேன். நான்கு மழைக்காலம் பார்த்த படகு அது. அணியத்தில் மணல் ஏறி அடம்பங்கொடி படர்ந்திருந்தது, ஓரப் பலகை கையால் அழுத்தினால் உள்ளே போனது, ஃபைபர் வெயிலில் வெடித்துச் சுண்ணாம்பு மாதிரி கையில் ஒட்டியது. இரு தரப்பும் அதைப் பார்த்துப் பேசாமல் நின்றார்கள். மதிப்பு என்ன போடுவது என்று கமிஷனர் என்னைக் கேட்டார்.

எனவே படகைக் கேட்காதீர்கள், பணத்தைக் கேளுங்கள். கேட்கக் கூடாது என்பதற்குச் சட்டக் காரணமும் உண்டு. இது பினாமி என்று யாராவது முடிவு செய்தால், பினாமிதாரர் உண்மை உரிமையாளருக்குத் திரும்ப மாற்றிக் கொடுப்பதையே பினாமிச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு தடுக்கிறது, மாற்றியது செல்லாது. பெயர் மாற்றிக் கொடுத்துவிட்டால் பிரச்சனை தீர்ந்தது என்று நினைத்த இரண்டு பேர் புதுப் பிரச்சனையோடு என்னிடம் வந்திருக்கிறார்கள். படகு அவரிடமே இருக்கட்டும். தொழிலைக் கலைத்துக் கணக்கு முடிக்கும்போது ஓட்டின் இன்றைய மதிப்பில் உங்கள் பங்கும் நின்றுபோன மாதங்களின் பங்கும் என்று ஒரு தொகை. 2,80,000 முழுதாக வராது. இரண்டு வருடம் உப்பில் கிடந்த ஓடு அது, பங்கும் வாங்கியிருக்கிறீர்கள். ஒன்றரை லட்சம் இரண்டு தவணையில் வருமென்றால் நான் உங்கள் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

ஊர்க் கமிட்டியில் பேசுவது தவறில்லை. அவர் உங்கள் பேச்சைவிட அவர்கள் பேச்சுக்குத்தான் கட்டுப்படுவார். ஆனால் பேசி முடித்ததை வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். வழக்குப் போடாமலேயே லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) உடன்பாட்டைப் பதிவு செய்யலாம். நீதிமன்றக் கட்டணம் இல்லை, தீர்ப்புக்கு நிகரான பலம், மேல்முறையீடு கிடையாது. இரண்டாம் தவணை தவறினால் நேரே நிறைவேற்று மனு. உடன்பாட்டின் வாசகத்தைக் கையெழுத்துக்கு முன்னால் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். 'பினாமி', 'பெயரளவில்', 'உண்மை உரிமையாளர்' ஆகிய வார்த்தைகள் அதில் இருக்கின்றனவா என்று அவர் பார்க்க வேண்டும். அந்த வார்த்தைகளை மறைப்பதற்காகச் சொல்லவில்லை. நடந்தது கூட்டுத் தொழில் என்றால் அந்த வார்த்தைகளுக்கு அங்கே வேலையில்லை. நடந்தது அதுதானா என்பதை அந்த வக்கீலிடம் ஒளிவில்லாமல் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

அதுவரை பழைய வாட்ஸாப் உரையாடலில் ஒரு எழுத்தைக்கூட அழிக்காதீர்கள், உங்களுக்குப் பாதகமானதையும் சேர்த்துத்தான். போனை மாற்றுவதாக இருந்தால் முதலில் பேக்கப் எடுங்கள். அவருக்குப் புதிதாக எதுவும் எழுத வேண்டாம். பெயின்ட் அடித்த படகின் படத்தை ஸ்டேட்டஸில் வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதன் அடியில் நீங்கள் போட்டிருக்கும் வாசகத்தோடு சேர்த்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள், நகலைமட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.