இன்டஸ்ட்ரியல் ராக் நிகழ்ச்சிக்குப் போகிறீர்களா? முதல் பாட்டுக்கு முன்பே காதை அடைத்துக்கொள்ளுங்கள்

கேள்வி: பெர்லினில் முதுகலை படிக்கிறேன். அடுத்த மாதம் வகுப்பு நண்பர்களுடன் ஓர் இன்டஸ்ட்ரியல் ராக் நிகழ்ச்சிக்குப் போகிறேன். நின்றுகொண்டே பார்க்கும் சின்ன கிளப். டிக்கெட் முழுவதும் விற்றுவிட்டது. போன வருடம் ஊரில் ஒரு கல்யாணத்தில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றதில் மறுநாள் மாலைவரை காதில் ரீங்காரம் கேட்டது. இப்போது நான் போகலாமா? காதில் பஞ்சு வைத்துக்கொண்டால் போதுமா, டாக்டர்? கூட்ட நெரிசலை நினைத்தாலும் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

பதில்: தாராளமாகப் போய்வாருங்கள். ஆனால் பஞ்சு போதாது. பஞ்சு ஒலியைக் கொஞ்சம் மந்தமாக்குமே தவிர, நீங்கள் போகும் இடத்தின் சத்தத்துக்கு அது காவல் ஆகாது. டிஷ்யூ பேப்பரும் அப்படித்தான்.

நீங்கள் கேட்கப்போகும் இசை எப்படிப்பட்டது என்பதிலிருந்து தொடங்குகிறேன். 1970களின் நடுவில் இங்கிலாந்தில் த்ராபிங் கிரிசில் குழு தொடங்கிவைத்த இன்டஸ்ட்ரியல் இசையிலிருந்து வளர்ந்த வகை இது. 1980இல் உங்கள் பெர்லினிலேயே உருவான ஐன்ஸ்டூர்செண்டே நொய்பாவ்டன் குழுவினர் இரும்புத் தகடுகளையும் துளைபோடும் கருவிகளையுமே வாத்தியங்களாக வைத்து வாசித்தார்கள். இன்று பெரும்பாலான குழுக்கள் அந்த ஓசைகளைக் கணினியில் சேகரித்து வைத்துக்கொண்டு, கிட்டாருடனும் டிரம்ஸுடனும் கலந்து தருகின்றன. ஓசையின் குணம் மட்டும் மாறவில்லை. இரும்பின்மேல் இரும்பு விழும் சத்தம் கண்ணிமைக்கும் நேரத்தில் உச்சத்தைத் தொட்டுவிடும்.

காதுக்கு இது ஏன் முக்கியம் என்றால், பெரிய சத்தம் கேட்டதும் நடுக்காதில் உள்ள ஒரு சின்னஞ்சிறு தசை இறுகி, உள்ளே போகும் ஒலியைக் கொஞ்சம் தடுக்கும். அந்தத் தசை முழுமையாக இறுகக் கிட்டத்தட்ட பத்தில் ஒரு விநாடி பிடிக்கும். சட்டென்று விழும் அடி அதற்குள் உள்ளே போய்விடும். போதாக்குறைக்கு, அந்தத் தசை தடுப்பது பெரும்பாலும் தாழ்ந்த சுருதிகளை மட்டுமே.

உள்காதில் ஒலியை நரம்புக்குச் சொல்லும் முடிச்செல்கள் (நுனியில் முடி போன்ற இழைகள் கொண்ட செல்கள்) ஒரு காதுக்கு ஏறக்குறைய 15,000 இருக்கின்றன. பிறக்கும்போது கிடைப்பது அவ்வளவுதான், செத்தவை மறுபடி முளைப்பதில்லை. இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. காது வலிக்கத் தொடங்குவது சுமார் 120 டெசிபலுக்கு மேல்தான். கேடு அதற்கு வெகு கீழேயே தொடங்கிவிடும். ‘வலித்தால் பார்த்துக்கொள்ளலாம்’ என்று காத்திருப்பவர்களின் காது அதற்குள் சேதமாகிவிடும்.

அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனமான நியோஷ் தரும் கணக்கு எளிது. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதன்பின் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி நேரம், 94 என்றால் ஒரு மணி நேரம், 100 என்றால் 15 நிமிடம். இசை நிகழ்ச்சிகளுக்கான ஜெர்மன் தர விதி, பார்வையாளர் நிற்கக்கூடிய இடங்களில் சத்தம் மிக அதிகமாக இருக்கும் இடத்தில், அரை மணி நேரச் சராசரி 99 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. விதியை ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் கிளப்பில்கூட, அந்த இடத்தில் வெறும் காதோடு நிற்பவருக்கு அன்றைய அளவு சுமார் 20 நிமிடத்தில் தீர்ந்துபோகும். நிகழ்ச்சியோ இரண்டு மணி நேரம்.

கல்யாண வீட்டு ரீங்காரத்தைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். அது அடங்கிவிட்டதால் காது முழுமையாகத் தேறிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2009இல் குஜாவா, லிபர்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளில் ஒன்றைக் காட்டினார்கள். பெரிய சத்தத்துக்குப் பிறகு கேட்கும் திறன் பழைய நிலைக்குத் திரும்பியது. ஆனால் முடிச்செல்லுக்கும் நரம்புக்கும் இடையே இருந்த இணைப்புகளில் பாதிவரை திரும்பவே இல்லை. மனிதர்களில் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்பது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது. உங்கள் காது ஒரு முறை எச்சரித்துவிட்டது. அதை மதித்து நடப்பதே நல்லது.

ஆகவே இயர் பிளக் வாங்குங்கள். 95 டெசிபலைத் தாண்டக்கூடிய நிகழ்ச்சிகளில் அதைப் பார்வையாளர்களுக்குத் தர வேண்டும் என்று அதே ஜெர்மன் விதி சொல்கிறது. பாரில் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். இருந்தாலும் கையில் சொந்தமாக ஒரு ஜோடி இருக்கட்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பான்ஞ் வகை மலிவானது, நன்றாகவே தடுக்கும். ஆனால் உயர்ந்த சுருதிகளை அதிகமாக அமுக்கும். இரும்போசையின் கூர்மை போய்விடும், பாடகரின் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். இசைக்காகத்தானே போகிறீர்கள்? 20, 30 யூரோ செலவழிக்க முடிந்தால், உள்ளே வடிகட்டி வைத்த இசைக்கலைஞர் வகையை வாங்குங்கள். எல்லாச் சுருதிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைப்பதால் பாட்டு பாட்டாகவே கேட்கும், சத்தம் மட்டும் குறையும். பெர்லினில் 1907இல் தொடங்கிய ஓரோபாக்ஸ் நிறுவனத்தின் மெழுகு உருண்டை அங்கே பல வீடுகளில் இருக்கும். அது தூங்குவதற்கு நல்லது, இசை கேட்பதற்கு அவ்வளவாக ஒத்துவராது.

ஸ்பான்ஞ் வகையைப் பலர் காதின் வாசலில் சொருகிக்கொண்டு போட்டுவிட்டதாக நினைக்கிறார்கள். அட்டையில் 33 டெசிபல் என்று அச்சிட்டிருந்தாலும், அப்படிச் சொருகினால் அதில் பாதிகூடக் கிடைக்காது. கையைக் கழுவிவிட்டு, பிளக்கை விரல்களுக்கிடையே உருட்டி, மடிப்பு விழாமல் மெல்லிய குச்சிபோல ஆக்குங்கள். வலது காதுக்குப் போடும்போது இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். காதுக் குழாய் நேராகும். பிளக்கை உள்ளே செலுத்தி, அது விரிந்து நிரம்பும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். சரியாகப் பொருந்தினால் உங்கள் குரலே தொட்டிக்குள் பேசுவதுபோல் கனமாகக் கேட்கும். பாட்டு ஓடும்போது இரு உள்ளங்கைகளாலும் காதுகளை மூடிப் பாருங்கள். சத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றால் பிளக் சரியாக இருக்கிறது. தெரிந்தால் எடுத்து மறுபடி போடுங்கள். வீட்டில் இரண்டு மூன்று முறை பழகிக்கொண்டு போனால் இருட்டில் தடுமாற வேண்டியதில்லை.

கிளப்புக்குள் நுழையும் முன்பே போட்டுவிடுங்கள். நண்பர் ஏதோ சொல்கிறார் என்று நடுவில் கழற்றாதீர்கள். அவ்வளவு சத்தத்தில் பிளக்கோடு பேச்சைக் கேட்பது பெரும்பாலும் சுலபம்தான். காதோடு வாய் வைத்துக் கத்துவதும் காதுக்கு ஓர் அடி என்பதை நண்பர்களுக்கும் சொல்லிவையுங்கள். ஸ்பீக்கர் அடுக்குக்கு நேர் எதிரே நிற்க வேண்டாம். ஒலிக் கலவையாளர் உட்காரும் மேசைக்கு அருகில் நின்றால் இசை மிகச் சீராகக் கேட்கும், நெரிசலும் குறைவு. நிகழ்ச்சியின் நடுவில் பத்து நிமிடம் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

இனி கூட்டம். நெரிசலில் உயிர் போவது பெரும்பாலும் மிதிபட்டு அல்ல. நாற்புறமும் அழுத்தப்பட்டு, நின்ற நிலையிலேயே மார்பு விரிய முடியாமல் மூச்சு முட்டித்தான். கையை முகத்துக்குத் தாராளமாக உயர்த்த முடிகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். முடியவில்லை என்றால் அடுத்த பாட்டு எவ்வளவு பிடித்தமானதாக இருந்தாலும் நகர வேண்டிய நேரம் அது. இரு முன்கைகளையும் மார்புக்கு முன்னால் மடித்து வைத்து மூச்சுக்கு இடம் தேடுங்கள். அலையாகத் தள்ளும்போது எதிர்த்துத் தள்ளாமல் அதனோடு போய், அது தணியும் இடைவெளியில் சாய்வாகப் பக்கவாட்டுக்கு ஒதுங்குங்கள். கீழே விழுந்த போனை எடுக்கக் குனியக் கூடாது. ஒருவரோடு ஒருவர் மோதி ஆடும் வட்டத்தின் ஓரத்தில் நிற்க நேர்ந்தால், விழுந்தவரை உடனே தூக்கிவிடுவது அங்கே எழுதாத சட்டம். ஷூ லேஸை இரட்டை முடிச்சாகப் போடுங்கள்.

உள்ளே போனதும் இரண்டாவது வாசல் எங்கே என்று பாருங்கள். 2003இல் அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் ‘த ஸ்டேஷன்’ என்ற கிளப்பில் மேடை வாணவேடிக்கையின் பொறி சுவரின் ஒலித்தடுப்பு நுரையில் பற்றி 100 பேர் இறந்தார்கள். மற்ற வழிகள் இருந்தும் பெரும்பாலோர் வந்த வாசலை நோக்கியே ஓடி அங்கே சிக்கிக்கொண்டார்கள். 2015இல் ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டின் ‘கொலெக்டிவ்’ கிளப்பிலும் இப்படியே தீப்பிடித்து 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கூரையிலோ சுவரிலோ தீ தெரிந்தால் அது நிகழ்ச்சியின் பகுதியா என்று யோசித்து நிற்காதீர்கள்.

நண்பர்களில் யாருக்காவது வலிப்பு நோய் இருந்தால், வேகமாக வெட்டி வெட்டி எரியும் விளக்குகளைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கண்ணை மூடினால் மட்டும் போதாது, இமை வழியாகவும் ஒளி போகும். ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுவதும் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்ப வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் மேடைப் புகையை நினைவில் வைத்து இன்ஹேலரை வாசலில் கோட்டோடு சேர்த்து ஒப்படைத்துவிடாமல் சட்டைப்பையில் வைத்திருக்கட்டும்.

மறுநாள் ஹெட்போன் வேண்டாம், காதுக்கு ஓய்வு கொடுங்கள். லேசான ரீங்காரம் இருந்தால் பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கும். இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஒரு காது மட்டும் திடீரென மந்தமானாலோ, தலை சுற்றினாலோ இரண்டு நாள் காத்திருக்காதீர்கள். திடீரெனக் கேட்கும் திறன் குறைவதற்குத் தரும் ஸ்டீராய்டு சிகிச்சை முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். இரவிலும் விடுமுறையிலும் ஜெர்மனியில் 116117 என்ற எண்ணில் மருத்துவ உதவி கேட்கலாம். நிகழ்ச்சிக்கு இன்னும் ஒரு மாதம் இருப்பதால், அதற்குள் ஒரு முறை கேட்கும் திறன் பரிசோதனை செய்து அந்த வரைபடத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எப்போதாவது சந்தேகம் வந்தால், மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.