மின்சாரம் – கேள்வி பதில்: சென்சார் பொருத்தத் தெரிந்தால் போதுமா?

கேள்வி: ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவு முடித்து, புதுச்சேரியில் அலுவலகங்களுக்கும் ஓட்டல்களுக்கும் வயரிங் வேலை எடுத்துச் செய்கிறேன். ஆளில்லாதபோது விளக்கு தானாக அணைய வேண்டும், பகல் வெளிச்சத்துக்கேற்பக் குறைய வேண்டும் என்று இப்போது கேட்கிறார்கள். சென்சார் விற்கும் நிறுவனமொன்றின் ஒருநாள் வகுப்பில் சான்றிதழ் பெற்றேன். அது போதுமா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: அந்த வகுப்பு வீணில்லை, ஆனால், விற்பவர் நடத்தும் வகுப்பு பெரும்பாலும் அவருடைய பொருளைப் பொருத்துவதோடு முடிந்துவிடும் என்பதால், அதை மட்டும் நம்பி ஒரு முழுத் தளத்தின் வேலையை ஏற்க வேண்டாம். பொருத்திய பிறகு இடத்துக்கேற்ப அமைத்து, அளந்து, சரிபார்த்து ஒப்படைக்கும் பகுதியைத்தான் நீங்கள் தேடிக் கற்க வேண்டும். மின்கட்டணம் குறைவதும் குறையாததும் அதில்தான் இருக்கிறது.

உடல் வெப்பத்தின் அசைவைக் கண்டு இயங்கும் பி.ஐ.ஆர். (PIR) சென்சாரையே எடுத்துக்கொள்ளுங்கள். உடல் வெப்பம் அதன் பார்வைப் பகுதிகளுக்குக் குறுக்கே நகர்ந்தால்தான் அது உணரும். ஆகவே, பேரேட்டில் தலை கவிழ்ந்து அசையாமல் உட்கார்ந்திருக்கும் கணக்கர், அதைப் பொறுத்தவரை அறையிலேயே இல்லை. அணையும் நேரத்தை 2 நிமிடமாக வைத்துவிட்டு நீங்கள் கடலூர் பஸ் ஏறிவிட்டால், சில நாள்களிலேயே யாராவது சென்சாரைக் கழற்றிவிட்டு நேரடி இணைப்புக் கொடுத்துவிடுவார்கள். வணிகக் கட்டடங்களுக்காக மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பான பி.இ.இ. (BEE) 2017இல் வெளியிட்ட எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பே, ஆள் வெளியேறிய 15 நிமிடத்துக்குள் அணைந்தால் போதும் என்கிறது. மைக்ரோவேவ் அலைகளை அனுப்பி அசைவை உணரும் சென்சார் வகையோ மெல்லிய பிளைவுட் தடுப்பைத் தாண்டியும் உணர்வதால், வராந்தாவில் நடப்பவருக்காக உள்ளறை விளக்கு எரியும். சுழலும் மின்விசிறியும் அதை ஏமாற்றக்கூடும்.

பகல் வெளிச்சக் கட்டுப்பாட்டுக்கு, வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர் இல்லாமல் இறங்காதீர்கள். இருட்டிய பிறகு மேசைமட்டத்தில் அளந்து தேவையான அளவை நிர்ணயித்து, மறுநாள் நண்பகலில் அதே மேசையில் மீண்டும் அளக்க வேண்டும். வடக்குச் சன்னலில் நேர்வெயில் விழாது என்று வெளிநாட்டுக் கையேடுகள் சொல்வதை இங்கே அப்படியே ஏற்கக் கூடாது. ஏறத்தாழ 12 பாகை வட அட்சத்தில் இருக்கும் நமக்கு, ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதிவரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கிறது.

டிம்மிங்கில், அதாவது விளக்கொளியைக் கூட்டிக் குறைப்பதில், கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தை மாற்றி இயக்கும் 0–10 வோல்ட் முறையையும், தனித்தனி முகவரிக்கு டிஜிட்டல் கட்டளை அனுப்பும் டாலி (DALI) முறையையும் பிரித்தறியக் கற்றுக்கொள்ளுங்கள். முன்னதில் பிளஸ், மைனஸ் மாறக் கூடாது. முழுதாக அணைக்கப் பெரும்பாலும் தனி ரிலேயும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வேண்டும். டாலியின் இரண்டு கம்பிகளுக்குப் பிளஸ், மைனஸ் கிடையாது. ஒரு லைனில் 64 டிரைவர்களுக்கு (எல்.இ.டி.க்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் கருவிகள்) முகவரி கொடுக்கலாம். எந்த முகவரி எந்த விளக்கு என்ற பட்டியலை டி.பி. பெட்டிக் (மின்பகிர்வுப் பெட்டி) கதவின் உட்புறம் ஒட்டாமல் வேலையை முடித்ததாகச் சொல்லாதீர்கள். இதையெல்லாம் வாடிக்கையாளரின் ஃபால்ஸ் சீலிங்கில் பழகுவதைவிட, வீட்டில் ஒரு பலகையில் இரண்டு டிரைவர், ஒரு கன்ட்ரோலர், ஒரு சென்சார் பொருத்திப் பழகுவது மலிவு.

கேள்வி: எங்கள் ஜவுளிக்கடையின் கிடங்கில் 5 ஆம்பியர் சென்சார் போட்டோம். எல்.இ.டி. விளக்குகள் எல்லாம் சேர்ந்து 2 ஆம்பியர்கூட இழுக்காது. இருந்தும் இப்போது விளக்கு அணைவதே இல்லை. ஏன்?
– வாசகி, புதுச்சேரி

பதில்: சென்சாருக்குள் இருக்கும் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். எல்.இ.டி. டிரைவர்களுக்குள் இருக்கும் கெபாசிட்டர்கள், சுவிட்ச் போட்ட கணத்தில் வழக்கமான அளவைப்போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். சென்சாரின் மீது எல்.இ.டி. சுமைக்கென்று தனியாகக் குறித்திருக்கும் அளவைப் பாருங்கள். விளக்குகள் அதைத் தாண்டினால், சென்சார் ஒரு கான்டாக்டரை (அதிகச் சுமையைத் தாங்கும் மின் சுவிட்ச்) இயக்க, கான்டாக்டர் விளக்குகளை இயக்கும்படி மாற்றித் தரச் சொல்லுங்கள்.